ஒன்பது விநாடி அறிக்கை

ஏப்ரல் 6, திங்கள்

தினமும் ஏதாவது எழுதினால் மனசு லேசாகும் என்று பல் டாக்டர் சொன்னார். தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்து இரண்டு கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டனவாம். பல்லைக் காப்பாற்ற நோட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் பல்லைத் தேய்ப்பவர் பெயர் திருமூர்த்தி. எங்கள் கம்பெனி முதலாளி. சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து உலகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். எங்கள் மென்பொருளை ஐந்து மாநிலங்களில் விற்றுத்தரப் போகிற புண்ணியவான். மாதிரிக்கு ஓர் அறிக்கையை ஓட்டிக் காட்டினோம். திரையில் வட்டம் சுற்றியது. அவர் டீ குடித்தார், சுற்றியது. கீழே போய்த் தேங்காய் பன் தின்றுவிட்டு வந்தார், இன்னும் சுற்றியது. ஐம்பத்திரண்டு நிமிடம். நேர்த்திக்கடனுக்குக்கூடத் தான் இவ்வளவு சுற்றியதில்லை என்று சொல்லிவிட்டுக் காரேறினார்.

இன்று காலை கூட்டம். திருமூர்த்தி 'வேகம்' என்ற சொல்லைப் பதினான்கு முறை சொன்னார். எண்ணினேன். பதினேழாம் தேதி அந்த மனுஷன் மறுபடி வருகிறார். அதற்குள் வேகமாக்க வேண்டியவள் பூங்கோதை, அதாவது நான்.

ஏப்ரல் 8, புதன்

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல்முறையாக என் கணவர் லோகநாதன், நீ ஆபீசில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். டிவியில் சிக்னல் வரவில்லை, அதனால்தான்.

சொன்னேன். அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் எங்களுடையது. ஒரே கோப்பில் மனிதர் படிக்க விளக்கமும் கணினி ஓட்ட நிரலும் கலந்திருக்கும். மேலே ஒரு பத்தி, 'இங்கே தண்ணீரில் உள்ள ஃபுளோரைடின் அளவைக் கணக்கிடுகிறோம்' என்று. அதன் கீழே அந்தக் கணக்கைப் போடும் நிரல். ஓட்டினால் எண்கள் தாமாக வந்து விளக்கத்தின் நடுவில் உட்கார்ந்து, அச்சடிக்கத் தயாரான அறிக்கை வந்துவிடும். சொல்லும் செயலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று மீறாது என்பது கொள்கை. எங்கள் மென்பொருளையே இந்த முறையில்தான் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு நிரல் துண்டுக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று ஒரு பத்தி இருக்கும்.

அவர் மோட்டார் பம்பு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கதை எழுதற" என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

எங்கள் ஆபீசில் தர்மத்தின் காவலர் ஒருவர் உண்டு. ஞானசெல்வம், நாசரேத்காரர். யார் எழுதிய நிரலும் இவர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் வெளியே போகாது. காற்புள்ளிக்குக்கூட விசாரணைக் கமிஷன் வைப்பார். 'பதறாத காரியம் சிதறாது' என்று அவர் மேஜையில் ஒட்டியிருக்கிறது. சிதறுவதும் கிடையாது, முடிவதும் கிடையாது.

என் திட்டத்தைச் சொன்னேன். ஒருமுறை ஓடிய துண்டின் விடையை ஞாபகம் வைத்துக்கொள்வோம். அடுத்த முறை எதுவும் மாறவில்லையென்றால் பழைய விடையையே எடுத்துப் போடுவோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கெட்ட சகுனம்.

"நிரல் மாறல, சரி மேடம். தரவு மாறியிருந்தா? தண்ணி மாறிட்டுன்னு நிரலுக்கு யாரு சொல்லுவா?"

அதையும் பார்ப்போம் சார், என்னை என்ன நினைத்தீர்கள் என்றேன். பேசி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 11, சனி

முடித்துவிட்டேன். கொள்கைப்படி முதலில் பத்தியை எழுதினேன். 'ஒரு துண்டின் பழைய விடையை எடுத்துக்கொள்வதற்கு முன், அதன் நிரலும் அது படிக்கும் தரவுக் கோப்புகள் அனைத்தும் மாறாமல் இருக்கின்றனவா என்று இந்தப் பகுதி சரிபார்க்கிறது. ஒரு எண் மாறியிருந்தாலும் புதிதாகக் கணக்கிடும்.' படிக்கவே கம்பீரமாக இருந்தது. பிறகு அதன்படியே நிரலும் எழுதினேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் பன்னிரண்டாகியிருக்கிறது. திருமூர்த்திக்கு போன் செய்தேன். பன்னிரண்டு நிமிடமா, அதற்குள் அவர் இன்னொரு பன் தின்றுவிடுவாரே என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் பதினொன்றரைக்கு மேல் தரவுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலேயே போகிறது. அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவைத்தேன். டெமோவுக்காக மட்டும்தான். ஒன்பது விநாடி.

தேதி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும் என்றார் திருமூர்த்தி. அறிக்கையின் தலையில் அன்றைய தேதி இல்லாவிட்டால் பழையது மாதிரி தெரியுமாம். அதையும் செய்து கொடுத்தேன்.

சிறுவாணித் தண்ணீர் ஒன்பது நாள் கழித்து வந்தது. இரண்டு டிரம், எட்டுக் குடம், மூன்று வாளி, ஒரு பிரஷர் குக்கர்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ தூக்கலாகிவிட்டது.

திருமூர்த்தி விடுமுறை நாளிலும் ஞானசெல்வத்துக்கு போன் போட்டு, உங்களால்தான் எல்லாம் தாமதம் என்று ஒரு பிடி பிடித்தாராம். விளைவு, வழக்கமாக நாலு நாள் எடுக்கும் மகான் நாற்பதே நிமிடத்தில் ஒப்புதல் அனுப்பிவிட்டார். 'பத்தி நன்றாக எழுதப்பட்டுள்ளது' என்று பாராட்டு வேறு. திருமூர்த்தியின் வாய்க்கு இருக்கும் சக்தியை மின்சாரமாக்கினால் பீளமேடு முழுக்க விளக்கெரியும்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஒன்பது விநாடி. பெங்களூர்க்காரர் டீ டம்ளரைத் தூக்குவதற்குள் அறிக்கை வந்து நின்றது. கை தட்டினார். திருமூர்த்தியும் தட்டினார், ஒரு விநாடி கழித்து. ஜூன் பத்தாம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. நான் இன்று முதல் தலைமைப் பொறியாளர். பேக்கரியிலிருந்து பிளம் கேக் வந்தது. டிசம்பர் கேக்காக இருக்கலாம், மேலே தேதி இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

புதிய பதிப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியாயிற்று. பெரிய வாடிக்கையாளர் தருமபுரிப் பக்கம் இருக்கும் ஊற்று அறக்கட்டளை. அந்தச் சீமையில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அதிகம் போனால் பிள்ளைகளுக்குப் பல் கறுக்கும், எலும்பு வளையும். அறக்கட்டளை இருநூற்றுப் பதினான்கு கைப்பம்புகளின் தண்ணீரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறது. எங்கள் அறிக்கையில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் வந்தால் பம்பின் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட், துணி துவைக்க மட்டும். அதற்குக் கீழே என்றால் பச்சை, குடிக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் பெயிண்ட் தெரியும்.

அங்கே அறிக்கை எடுப்பவள் காவேரி என்ற பெண். புதிய பதிப்பை நிறுவிக் கையில் இருந்த மார்ச் மாதத் தரவை ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்ததாம். சந்தோஷம்.

அந்த ஒரு வரி இன்னும் நிறுத்தித்தான் இருக்கிறது. நாளை பார்க்கிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது.

மே 5, செவ்வாய்

காவேரி போன் செய்தாள். மே மாதச் சோதனை முடிந்து புதிய தரவை ஏற்றிவிட்டாளாம். "மேடம், இவ்ளோ சீக்கிரம் வந்துட்டுதுங்க. இது பரவால்லீங்களா?" என்று கேட்டாள். குற்றம் செய்துவிட்ட மாதிரி குரல்.

சிரித்துவிட்டேன். காலம் மாறிவிட்டது காவேரி, பழக்கிக்கொள் என்றேன். சரிங்க மேடம் என்றாள். தேதி சரியாக மே 5 என்று விழுந்திருக்கிறதாம். இதைச் சொல்லி மத்தியானம் திருமூர்த்தியையும் சிரிக்க வைத்தேன்.

மே 8, வெள்ளி

ஒன்றும் இல்லை.

மே 26, செவ்வாய்

காவேரி மறுபடியும். மாரண்டூர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பம்பு, மே மாதத்தில் மூன்று புள்ளி நான்கு காட்டியதாம். நம்ப முடியாமல் இரண்டு முறை சோதித்ததால் எண் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அறிக்கையில் ஒன்று புள்ளி ஒன்று என்றிருக்கிறது. பச்சை அடித்து மூன்று வாரமாகிவிட்டது. பெயிண்டர் சொன்ன பிறகுதான் அவளே கவனித்தாளாம்.

நான் மிகப் பொறுமையாக, தரவுக் கோப்பைச் சரியாக ஏற்றினாயா என்று கேட்டேன். ஏற்றினேனுங்க என்றாள். மறுபடி ஏற்றிப் பார் என்றேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள். ஒன்பது விநாடியில் அதே ஒன்று புள்ளி ஒன்று, மார்ச் மாதத்து எண்.

பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 27, புதன்

ஃபிரிட்ஜைக் கழுவினேன். அடியில் நாலு மாதப் பழைய கொத்தமல்லி. கேஸ் புக் செய்தேன். லோகநாதன் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். பட்டன் போய் எட்டு மாதமாகிறது, இன்றுதான் கை வந்தது.

ஆபீசில் அந்த வரியைத் திரும்ப ஓடவிட்டுப் புதிய பதிப்பொன்றை வெளியிட்டேன். மாற்றங்களின் பட்டியலில் 'சிறு மேம்பாடுகள்' என்று போட்டிருக்கிறேன். ஜூலையில் அவர்கள் அடுத்த அறிக்கை ஓட்டும்போது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஜூலைக்கு என்ன, பக்கம்தான்.

மே 29, வெள்ளி

அறக்கட்டளைச் செயலாளரிடமிருந்து மெயில். தவறு மென்பொருளிலா, தங்கள் ஊழியர் காவேரி மேலா என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

திருமூர்த்தி எல்லோரையும் கூப்பிட்டு, எங்கள் மூலக் கோப்பைப் பெரிய திரையில் போட்டார். அவருக்கு நிரல் படிக்க வராது. பத்திதான் படிப்பார். சத்தம் போட்டுப் படித்தார். 'தரவுக் கோப்புகள் அனைத்தும் மாறாமல் இருக்கின்றனவா என்று இந்தப் பகுதி சரிபார்க்கிறது. ஒரு எண் மாறியிருந்தாலும் புதிதாகக் கணக்கிடும்.'

"இத பாருங்க, தெள்ளத் தெளிவா எழுதியிருக்குது. அந்தப் புள்ளதான் பழைய ஃபைலப் போட்டிருக்கும். நம்ம மேல தப்பில்லீங்க" என்றார்.

பத்தியை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். பிரமாதம் என்றார். திரையைக் கீழே ஒரு விரற்கடை உருட்டினால் நிரல் இருக்கிறது. நிறுத்தியிருந்த வரியும், திரும்ப ஓடவிட்ட தேதியும், செய்தவள் பெயரும் அதில் பதிவாகியிருக்கின்றன. யாரும் உருட்டவில்லை. நான் பட்டர் பன் தின்றுகொண்டிருந்தேன், கையெல்லாம் பிசுபிசுப்பு, அதனால் நானும் உருட்டவில்லை.

பதில் போய்விட்டது. நாலு மணிக்குத் தகவல் வந்தது. காவேரியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மே 30, சனி

ஞானசெல்வம் வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் வந்ததில்லை. காபியைத் தொடவில்லை. நேற்று எல்லோரும் போன பிறகு அவர் உருட்டிப் பார்த்திருக்கிறார்.

என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். பதிலுக்குச் சொல்ல நாலைந்து வாக்கியம்கூட வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள்.

"அன்னைக்கு நானும் பத்தியத்தான் மேடம் படிச்சேன். கீழ பாக்கல. என்னால தாமதம்னு சொல்லிட்டாருல்லா, அந்த ஒரு நாளு வேகமா முடிச்சுக் காட்டணும்னு தோணிட்டு" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. திங்கட்கிழமை அவரே போய், ஒப்புதல் கொடுத்தது தான்தான், தவறு தன்னுடையது என்று சொல்லப் போகிறாராம். என் பெயரைச் சொல்ல மாட்டாராம். நான் தடுக்கவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

மே 31, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மே 5-ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு பெண், இது பரவாயில்லையா என்று கேட்கிறாள். அவளைப் பார்த்து நான் சிரிக்கிறேன். அதைப் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கொத்தமல்லிக்கு அடியில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. இதைக் கேலியாக எழுத முடியுமா என்று அரை மணி நேரம் முயன்றேன், வரவில்லை.

ஜூன் 1, திங்கள்

ஞானசெல்வம் வருவதற்கு முன்பே ஆபீசுக்குப் போய்விட்டேன். திருமூர்த்தியிடம் நானே உருட்டிக் காட்டினேன். பத்தி செய்வதாகச் சொல்வதை நிரல் செய்யவில்லை, நிறுத்தியவள் நான், ஏப்ரல் 13 முதல் மே 27 வரை என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மிக அன்பாகப் பேசினார். அன்பாகப் பேசினால்தான் எனக்கு அவரிடம் பயம். பத்தாம் தேதி வரை பொறுக்க வேண்டுமாம். கையெழுத்தான பிறகு மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லிவிடலாம்.

"நாலு நாள்ல பள்ளிக்கூடம் திறக்குதுங்கண்ணா. அந்தப் பம்புலதான் புள்ளைங்க தண்ணி குடிக்கும்" என்றேன்.

என் இடத்துக்கு வந்து அறக்கட்டளைக்கு மெயில் எழுதினேன். எட்டு வரி, அதில் காவேரி மேல் தவறில்லை என்பது முதல் வரி. ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். படித்திருந்தால் அழகுபடுத்தியிருப்பேன்.

பிறகு காவேரிக்கு போன் செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதானுங்க மேடம் அத ஓட்டறோம். ஓடவுட்டுட்டுச் சோறு துன்னப் போயிடுவேன். வேகமா வேணும்னு நாங்க யாராச்சும் கேட்டோமா?"

இந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் எங்கள் ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

செயலாளர் காவேரியைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். அவள் மே மாதத் தரவை அனுப்ப, ஞாபகத்தில் இருந்த பழைய விடைகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினோம். ஞானசெல்வமும் நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐம்பத்திரண்டு நிமிடம். பச்சை அடித்த பம்புகளில் பதினொன்று சிவப்பாக வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் கையால் இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன்.

நான் இனித் தலைமைப் பொறியாளர் இல்லை. கேக்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜூன் 3, புதன்

பத்தியைத் திருத்தினேன். பழையதை அழிக்காமல் கீழேயே சேர்த்தேன். 'ஏப்ரல் 13 முதல் மே 27 வரை மேலே சொன்னதை இந்தப் பகுதி செய்யவில்லை. செய்வதாக எழுதியிருந்தவள் பூங்கோதை.' ஞானசெல்வம் படித்தார், கீழே உருட்டி நிரலையும் வரி வரியாகப் படித்தார். ஒன்றரை நாள் எடுத்துக்கொள்ளப் போகிறாராம். எடுத்துக்கொள்ளட்டும்.

பெங்களூர்க்காரர் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். திருமூர்த்தி என்னிடம் பேசுவதில்லை. பல்வலி குறைந்திருக்கிறது.

ஜூன் 4, வியாழன்

மாரண்டூருக்கு இன்று போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. விடியற்காலை பஸ், அப்புறம் ஒரு மினி பஸ், அப்புறம் காவேரியின் ஸ்கூட்டி. நேரில் பார்த்தால் அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். வழியில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினோம்.

பம்பு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருக்கிறது. பெயிண்டர் பச்சையின் மேல் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பச்சை தெரிந்தது, இன்னொரு கை அடிக்கச் சொன்னாள் காவேரி. மாதம்மாள் என்று ஒரு பெண் இடுப்பில் குழந்தை, கையில் இரண்டு குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை என்று சொன்னதை நம்பி ஒரு மாதமாக இந்தத் தண்ணீரில்தான் குழந்தைக்குக் கஞ்சி வைக்கிறாள். இனி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பம்புக்குப் போக வேண்டும்.

கோவையிலிருந்து வருகிறேன், தப்பு நான் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சு இதைவிட நீளம்.

அவள் குடங்களைக் கீழே வைத்தாள். "இந்தத் தபாவாச்சும் செரியாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தமுங்க. மொதல்ல இருந்து எல்லாத்தையும் பாத்தோம்."

"அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அம்பத்திரண்டு நிமிசமுங்க."

குழந்தையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள். "அந்தப் பம்புக்கு ஒரு நடை போயி வர எனக்கு ஒன்ற மணி நேரம் ஆவுது."

குடங்களை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். ஒரு குடத்தையாவது நான் வாங்கிக்கொள்கிறேன் என்று பின்னாலேயே போனேன். வேண்டாம், நீங்கள் மெதுவாக நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டாள்.